அன்றைக்கு அவன் வேகம்தான்

புது குரூசர் பைக் வாங்கிய நண்பனை முதன்முதலாக வெளியூர் கூட்டிப்போகிற கூட்டாளிகள் அனைவருக்கும்,



ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிவதற்கு முன்பே, பூந்தமல்லி தாண்டி ஏதாவதொரு பெட்ரோல் பங்கு வாசலில் நீங்கள் கூடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி நிற்கிறவன்தான். ஆறேழு வண்டிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் புதுசாக மின்னும். ஆயுதபூஜைக்குப் பூசியதுபோல் இன்னும் சந்தனமும் குங்குமமும் அதன் ஹெட்லைட்டில் இருக்கும். அதன் சொந்தக்காரன் முகத்தில் தெரியும் சந்தோஷத்தைப் பார்த்தால் நமக்கே மனம் நிறைந்துவிடும். எனக்கு அதோடு கொஞ்சம் பயமும் வரும். அந்தப் பயத்தை உங்களிடம் சொல்லத்தான் இந்த மடல்.

வண்டி வாங்கியவனுக்கு நான் எழுதவில்லை. அவனுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. ஷோரூம்காரர் சொல்வார், மெக்கானிக் சொல்வார், அவன் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். கூடப் போகிற உங்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. ஆனால் அந்த முதல் பயணம் நல்லபடியாக முடிவது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அன்றைக்குக் கூட்டத்தின் வேகம் அவனுடைய வேகமாக இருக்க வேண்டும். எந்த ஊர், எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே நிற்பது, எப்போது திரும்புவது, எல்லாமே அவனை வைத்து முடிவாக வேண்டும். நூறில் போய்ப் பழகிய நம் கைக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கும். இருந்தாலும் அந்த ஒரு நாளை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கிறேன்.

பொத்தாம்பொதுவாகப் பேசாமல், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வண்டியையும் ஒரு சாலையையும் வைத்தே சொல்கிறேன். வண்டி, ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350. சாலை, சென்னையிலிருந்து ஏலகிரி. என் நண்பன் ஒருவன் சமீபத்தில் அந்த வண்டியை வாங்கினான். நாங்கள் சிலர் சேர்ந்து அந்தச் சாலையில்தான் அவனை அழைத்துப்போனோம். அதுவரை அவன் ஓட்டியது ஸ்பிளெண்டர்.

ஸ்பிளெண்டரிலிருந்து குரூசருக்கு வருகிறவன் எதையெல்லாம் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஸ்பிளெண்டரின் எடை 112 கிலோ. மீட்டியோர் 191 கிலோ. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் அங்கே 1236 மில்லிமீட்டர், இங்கே 1400. ஆனால் உட்காரும்போது இந்த வித்தியாசம் எதுவுமே தெரியாது. சீட்டின் உயரம் 765 மில்லிமீட்டர்தான், ஸ்பிளெண்டரைவிடத் தாழ்வு. இரண்டு காலும் முழுசாகத் தரையில் பதியும். ஷோரூமில் ஏறி உட்கார்ந்ததும் எல்லோருக்கும் மனசு இளகுவது அந்த இடத்தில்தான். எடை தெரிவது பிறகு: யூ-டர்ன் போடும்போது, மேட்டில் நிறுத்தி மறுபடி எடுக்கும்போது, மணலில் கால் ஊன்றும்போது.

அடுத்தது கியர். இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். ஸ்பிளெண்டரில் கியர் ஏற்ற முன்பக்கம் மிதிக்க வேண்டும். நான்கும் கீழேதான். மீட்டியோரில் முதல் கியர் மட்டும் கீழே, மீதி நான்கும் மேலே. வருஷக்கணக்கில் முன்பக்கம் மிதித்தே பழகிய கால், நெடுஞ்சாலையில் மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போக நினைத்து, பழக்கதோஷத்தில் அதே மாதிரி மிதித்தால் வண்டி இரண்டாவதுக்கு இறங்கும். என்ஜின் அலறும், பின்சக்கரம் பிடித்து இழுக்கும், வண்டி சட்டென்று வேகம் குறையும். பிரேக் லைட் எரியாது. பின்னால் வருகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. அந்தப் பின்னால் வருகிறவர் நீங்கள்தான்.

பிரேக்கிலும் இதே கதை. குரூசரில் ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளியிருக்கும், கால் நீட்டி உட்கார வேண்டும். நிதானமாகப் போகும்போது அது சுகம். திடீரென்று ஒரு நாய் குறுக்கே வந்தால், வலது கால் பழைய இடத்தில் பிரேக்கைத் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. கால் முன்னால் போய்ப் பெடலைக் கண்டுபிடிக்கும் அந்தக் கண நேரத்துக்குள் வண்டி பல மீட்டர் போயிருக்கும். எங்கள் நண்பனின் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது இதை நான் கண்ணாரப் பார்த்தேன். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ இடதுபக்கம் ஒடித்தது. அவன் ஷூ நுனி காற்றில் ஒருமுறை மிதித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பெடலைத் தொட்டது. முன்பிரேக்கும் ஏபிஎஸ்ஸும் இருந்ததால் வண்டி நேராகவே நின்றது. எனக்கும் அவனுக்கும் நடுவே போதுமான இடம் இருந்ததால் நானும் பதறாமல் நின்றேன்.

அந்த இடைவெளியைத்தான் முதலில் கேட்கிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம். இரண்டு நொடி இடைவெளி என்றால் 44 மீட்டர். அவன் ஒரு மைல்கல்லைத் தாண்டியதும் மனதுக்குள் நிதானமாக இரண்டு எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கல்லை எட்டிவிட்டால் அதிகமாக நெருங்கிவிட்டீர்கள். புதியவன் பின்னால் போகும்போது அதை மூன்றாக வைத்துக்கொள்வது நல்லது.

அவனை எங்கே நிறுத்துவது என்பதில் பல குழுக்கள் வேறு மாதிரி செய்கின்றன. “புதுசுதானே, கடைசியில் மெதுவாக வரட்டும்” என்று வாலில் விட்டுவிடுகிறார்கள். கேட்க அன்பாக இருக்கிறது, ஆனால் அவனுக்கு அதைவிடக் கஷ்டமான இடம் கிடையாது. ஏழு வண்டிகள் வரிசையாகப் போகும்போது முன்னால் இருப்பவர் கொஞ்சம் வேகம் கூட்டினால், ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் இருப்பவன் எட்டிப் பிடிக்கப் பறக்க வேண்டியிருக்கும். ஊருக்குள் வேகம் குறைந்தால் அவன்தான் பிரேக் அடித்து நிற்பான். நாள் முழுக்க விரட்டிக்கொண்டே வந்து களைத்துப்போவான். அவன் இடம் இரண்டாவது. முன்னால் போகிறவர் உங்களிலேயே நிதானமானவராக இருக்கட்டும். அவர் கண்ணாடியில் எப்போதும் அந்தப் புது வண்டியின் விளக்கு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டியவர் அவர்தான். கடைசியில் வருகிறவர் அனுபவசாலியாக இருக்கட்டும். பஞ்சர் சாமானும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம் இருக்கட்டும்.

நேர்ச்சாலையில் ஒருவர் வலப்பக்கம், அடுத்தவர் கொஞ்சம் பின்தள்ளி இடப்பக்கம் என்று மாறிமாறிப் போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். மலை ஏறத் தொடங்கினால் அந்த ஒழுங்கைக் கலைத்துவிட்டு ஒற்றை வரிசை. லாரியைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் தனக்காகத் தானே பார்த்துத் தாண்ட வேண்டும். முன்னால் போனவர் தாண்டிவிட்டார் என்பதால் எதிரே சாலை காலி என்று ஆகிவிடாது. இதைக் கிளம்பும்போதே அவனிடம் சத்தமாகச் சொல்லுங்கள். “எங்களைப் பிடிக்கணும்னு அவசரப்படாதே, அடுத்த திருப்பத்துல நிப்போம்” என்ற ஒரு வாக்கியம் போதும். சொன்னபடி நிற்கவும் வேண்டும்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு வருகிறேன். முதல் பயணத்துக்குக் கொல்லிமலை வேண்டாம். 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. இரண்டும் அற்புதமான சாலைகள்தான், ஆனால் வண்டி கைக்குப் படிந்தவனுக்குரியவை. ஏலகிரிக்கு 14. சென்னையிலிருந்து ஒரு வழி ஏறத்தாழ 230 கிலோமீட்டர். மலை ஏறும் பகுதி சிறியது, மேலே ஆயிரம் மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். வளைவை வளைவாகக் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான மலை நம் பக்கத்தில் இல்லை என்பது என் அபிப்ராயம்.

ஆனால் அதையும் முதல் சர்வீஸுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டிக்கு முதல் சர்வீஸ் 500 கிலோமீட்டரில் அல்லது 45 நாளில். போய்வரும் தூரம் மட்டுமே 460. டெலிவரி எடுத்த மறுவாரமே கிளம்பினால், ஊர் திரும்புவதற்குள் அந்த எல்லையைத் தொட்டுவிடும். புது என்ஜினில் உரசிப் பொருந்துகிற பாகங்களிலிருந்து வரும் நுண்ணிய உலோகத் துகள் முழுக்க முதல் ஆயிலில்தான் சேர்கிறது. அதை மாற்றாமல் வெயிலில் நாள் முழுக்க ஓட்டுவது அந்த என்ஜினுக்கு நாம் செய்யும் நன்மை அல்ல. முதல் சில நாட்களில் அவனைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை கூட்டிப்போய் வாருங்கள். போய்வர நூற்றுச் சொச்சம்தான் ஆகும். புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பு போகவும், பிரேக் பேட் டிஸ்கோடு பொருந்தவும் அந்த ஓட்டம் உதவும். புது டயரில் வளைவில் சாய்ப்பது எப்பேர்ப்பட்ட ஆபத்து என்று தெரியாமலேயே பலர் நேராக மலைக்குப் போய்விடுகிறார்கள்.

சர்வீஸ் முடிந்த பிறகும் என்ஜின் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கும். இந்த 349 சிசி என்ஜின் 6100 சுற்றில் 20.2 குதிரைத்திறன் தரும். முறுக்குவிசை 27 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது 4000 சுற்றிலேயே. நிதானமாகப் போகத்தான் இதைச் செய்திருக்கிறார்கள். ஐந்தாவது கியரில் எழுபது எண்பதில் போனால் தடதடவென்று இதமாகப் போகும். என்ஜின் பழகும் இந்த ரன்-இன் காலத்தில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகக்கூடாது, கூட்டியும் குறைத்தும் போக வேண்டும். முழுசாக முறுக்கக் கூடாது. மேட்டில் பெரிய கியரிலேயே திணறவிடவும் கூடாது. உங்களில் யாராவது 650 சிசி வண்டி வைத்திருந்தால், நூற்றுப் பத்தில் போய்விட்டுத் திரும்பிப் பார்த்து “என்ன மச்சான், வண்டி போகலையா?” என்று கேட்காதீர்கள். அவன் மனதில் தைக்கிற கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லத்தான் அவன் ஆக்ஸிலேட்டரை முறுக்குவான். அப்படி முறுக்கியதில் அடிபட்டவர்களை நான் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கூடப் போனவர்கள் வராந்தாவில் வாயடைத்து நின்றுகொண்டிருந்தார்கள்.

கிளம்பும் முன் டயரில் காற்றைப் பாருங்கள். எங்கள் நண்பனின் வண்டியில் ஷோரூமிலிருந்து வந்தபோதே காற்று அளவுக்கு மேல் இருந்தது. செயினும் இழுத்துக் கட்டியதுபோல் இறுக்கமாக இருந்தது. வெகுநாள் நிறுத்திவைக்கும் வண்டிக்கு அதிகமாக அடித்துவைத்து, கொடுக்கும்போது குறைக்க மறந்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. குறிப்பேட்டில் போட்ட அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, குழியில் விழும்போது முதுகில் இடிப்பதே பாதியாகக் குறைந்ததாகச் சொன்னான். குரூசரில் கால் முன்னால் நீட்டியிருப்பதால் குழி வரும்போது எழுந்து நின்று தப்பிக்க முடியாது, அடி முழுவதும் முதுகெலும்பின் அடிநுனிக்குத்தான் போகும். ஆகவே ஒவ்வொரு 60, 70 கிலோமீட்டருக்கும் ஒருமுறை நில்லுங்கள். அவன் “பரவாயில்லை, போகலாம்” என்றுதான் சொல்வான். நீங்கள் நில்லுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது ஒரு விஷயத்தை அவனிடம் சொல்லலாம். இந்தப் பக்கத்தில் இருக்கும் வல்லம் வடகாலிலும் ஒரகடத்திலும்தான் அவன் வண்டியின் கம்பெனிக்குத் தொழிற்சாலைகள். 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, வடசென்னையின் திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தது. தாய்க் கம்பெனி அங்கே மூடிப்போன பிறகும் நம் ஊரில் புல்லட் நிற்கவில்லை. 2002இல் தண்டர்பேர்டு வந்தது, கால் நீட்டி ஓட்டுகிற வண்டி என்ற ஆசையை நம்மவர்களில் நிறையப் பேருக்கு அதுதான் கிளப்பிவிட்டது. அதன் இடத்துக்கு 2020 நவம்பரில் வந்தது மீட்டியோர். அந்தப் பெயரே 1950களில் அந்தத் தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் விற்ற ஒரு வண்டியின் பெயர். வடசென்னை ஆட்கள் தலைமுறையாக உழைத்த கம்பெனியின் வண்டி இது என்று தெரிந்தால், அவன் அதை ஓட்டும் விதமே கொஞ்சம் மாறும். என் நண்பன் அந்த இடத்தைத் தாண்டும்போது ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

டோல்கேட்டில் நமக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரத்தில் தனி வழி விட்டிருப்பார்கள். குறுகலான வழி, பெரும்பாலும் மணல் படிந்திருக்கும். நீளமான வண்டியை அங்கே திருப்பும்போது முன்பிரேக்கைப் பிடித்தால் சறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வாலாஜாபேட்டை தாண்டினால் வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டியே போகிறோம். ஆறு பெரும்பாலான நாட்கள் வெறும் மணல்தான். காற்று மட்டும் நன்றாக அடிக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து கைவிரித்து ஓட்டுகிறவன் நெஞ்சில் அந்தக் காற்று முழுசாக மோதும். பெரிய பஸ் பக்கவாட்டில் கடக்கும்போது வண்டி ஒரு முழம் தள்ளும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் அதிகமாகும், தளர்த்திப் பிடித்தால் வண்டி தானே நேராகிவிடும். இதையெல்லாம் டீக்கடையில் நிற்கும்போது இரண்டு வார்த்தையில் சொன்னால் போதும், பாடம் நடத்த வேண்டியதில்லை.

டீக்கடை என்றதும் இன்னொன்று. அங்கே நின்றதும் ஒவ்வொருவராக ஆரம்பிப்பீர்கள்: “சாவி கொடுடா, ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்.” அவனால் மறுக்க முடியாது, நட்பு அப்படி. ஆனால் தயவுசெய்து அன்றைக்குக் கேட்காதீர்கள். கடனுக்கு இன்னும் முதல் தவணைகூடக் கட்டாத வண்டி அது. உங்களில் பழைய புல்லட் வைத்திருப்பவர் இருந்தால் இது இன்னும் மோசம். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அந்தக் கால் மீட்டியோரில் ஏறி அவசரத்தில் பிரேக் என்று எதை மிதிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதேபோல் அவனிடம் உங்கள் வண்டியைக் கொடுத்து “ஓட்டிப் பாரு” என்பதும் வேண்டாம். அவன் கால் இப்போதுதான் ஒரு புது வரிசையைக் கற்றுக்கொண்டிருக்கிறது.

வண்டியை நிறுத்துவதிலும் உங்கள் கண் இருக்கட்டும். மலையடிவாரத்துக் கடைகள் பலவற்றின் முன் ஜல்லி கொட்டிய சரிவு இருக்கும். அவன் ஆசையாக நேரே உள்ளே விட்டு, முன்சக்கரம் சுவரைப் பார்க்கச் சைடு ஸ்டாண்டு போடுவான். திரும்பும்போது 191 கிலோவைச் சரிவில் பின்னோக்கி மேலே தள்ள வேண்டும். ரிவர்ஸ் கியர் கிடையாது. எங்கள் நண்பன் சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலாலும் உந்திப் பார்த்தான். ஜல்லியில் ஷூ வழுக்கியது, வண்டி வலப்பக்கம் சாயத் தொடங்கியது. பக்கத்தில் டீ கிளாஸோடு நின்றவர் ஓடிவந்து பின்பக்கக் கம்பியைப் பிடித்தார். இன்னும் இருவர் சேர்ந்து இழுத்தோம். அது சாய்ந்து விழுந்திருந்தால் வண்டிக்குக் கீறல்தான், ஆனால் அடியில் அவன் கால் இருந்திருக்கும். சரிவில் எப்போதும் பின்சக்கரம் உள்ளே, முன்சக்கரம் சாலையைப் பார்த்து, முதல் கியரில் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அவனுக்கு நல்ல இடத்தை விட்டுவிட்டு நீங்கள் சரிவில் நிறுத்துங்கள்.

இப்போது மலை. வாணியம்பாடியிலிருந்து திருப்பத்தூர் சாலையில் போய்ப் பொன்னேரி கூட்டுச்சாலையில் திரும்பினால் ஏற்றம் தொடங்குகிறது. வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரதியார், திருவள்ளுவர், கம்பர் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் பலகை. முதல் வளைவுக்கு முன்பே அடிவாரத்தில் எல்லோரும் நின்று தண்ணீர் குடியுங்கள். நெடுஞ்சாலையில் மூன்று மணிநேரம் நேராகவே வந்தவன் கைகால் விறைத்திருக்கும்.

நாம் இடப்பக்கம் போகிறவர்கள் என்பதால் ஏறும்போது வலது வளைவு சுலபம். சாலையின் வெளிவட்டம் நமக்கு, அகலமாக இருக்கும். இடது வளைவுதான் சோதனை. உள்வட்டம், செங்குத்தான ஏற்றம், கொஞ்ச இடம். நீளமான குரூசர் அங்கே நடுக்கோட்டைத் தாண்டி வெளியே வீசும். அதே நேரம் மேலிருந்து ஒரு டவுன் பஸ் வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு இறங்கும். புதியவன் செய்கிற தவறு எப்போதும் ஒன்றுதான்: மூன்றாவது கியரில் வளைவுக்குள் நுழைந்து, பாதியில் என்ஜின் திணறி, பயத்தில் முன்பிரேக்கைப் பிடித்து, ஏற்றத்தில் சாய்ந்த நிலையில் நின்றுவிடுவது. நின்றால் அந்த எடையைக் கால் தாங்காது. வளைவுக்கு முன்பே முதல் கியர் அல்லது இரண்டாவது, கிளட்ச் பாதி, பின்பிரேக்கில் லேசாகக் கால், கண் வளைவு முடியும் இடத்தில். நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறுகிறவள் எப்படிக் குலுக்காமல் திரும்புவாளோ அப்படித் திரும்ப வேண்டும். ரொம்பச் சாய்த்தால் ஃபுட்ரெஸ்ட் தார்ச்சாலையில் உரசும். அந்தக் கிறீச் சத்தம் கேட்டதும் பலர் பயந்து வண்டியை நிமிர்த்தி, எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். உரசும் சத்தம் வந்தால் பதறாதே, அடுத்த வளைவில் வேகத்தைக் குறை என்று முன்னமே சொல்லிவையுங்கள்.

அந்த ஏற்றத்தில் யாரும் அவனைத் தாண்டிப் போகாதீர்கள். முன்னால் போகிறவர் இடது வளைவைத் திரும்பியதும், எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்து, கையை உயர்த்திக் காட்டலாம். எங்கள் கூட்டத்தில் முன்னால் போனவர் அப்படித்தான் செய்தார். மேலே போனதும் நண்பன் சொன்ன முதல் வார்த்தை, “அந்தக் கை தெரிஞ்சதும் எனக்கு மூச்சு வந்துச்சு.” மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பதுதான் விதி. ஆனால் பஸ்காரர் அதை எல்லா நேரமும் நினைவில் வைத்திருப்பார் என்று நம்பிப் போக முடியாது. குரங்குகள் குறுக்கே வரும், அவற்றுக்குத் தீனி போட நிற்கும் கார்கள் அதைவிட அதிகமாகக் குறுக்கே நிற்கும்.

மேலே புங்கனூர் ஏரியைச் சுற்றிவிட்டு நன்றாக ஓய்வெடுங்கள். அவன் வண்டியைப் பத்துக் கோணத்தில் போட்டோ எடுப்பான், எடுக்கட்டும். நீங்களே எடுத்துக் கொடுங்கள். வாங்கிய ஆசை தீர ஒருவன் தன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்ப்பதில் இருக்கும் சந்தோஷம் தனி. ஆனால் வளைவில் சாய்ந்து வருகிற மாதிரி ரீல்ஸ் எடுக்க மறுபடி மறுபடி ஓட்டச் சொல்லாதீர்கள். கேமரா இருக்கிறது என்று தெரிந்தால் ஓட்டுகிறவன் கை வேறு மாதிரி ஆகிவிடும்.

இறங்குவது ஏறுவதைவிடக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. எந்தக் கியரில் ஏறினானோ அதே கியரில் இறங்கட்டும். வண்டியை என்ஜினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் குறையும். நியூட்ரலில் விடுகிற பழக்கம் யாருக்காவது இருந்தால் அன்றைக்கு அவன் கண்ணில் படும்படி செய்யாதீர்கள். நீங்கள் செய்வதைத்தான் அவன் கற்றுக்கொள்வான்.

திரும்பும் வழியில் ஆம்பூர் வரும். சீரகச் சம்பாவில் பிரியாணி, கூடவே கத்தரிக்காய். அதைத் தாண்டிப் போகச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் சாப்பிட்ட உடனே ஹெல்மெட் மாட்டாதீர்கள். அரைமணிநேரமாவது நிழலில் உட்காருங்கள். மதியச் சோறு, வெயில், நேர்ச்சாலை, சீராக ஒலிக்கும் என்ஜின் சத்தம், நீட்டி உட்கார்ந்த உடம்பு. தூக்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? குரூசரின் சுகமே அந்த நேரத்தில் அதன் ஆபத்து. அவன் கோட்டுக்குள் லேசாக அலைந்தாலோ, வேகம் காரணமில்லாமல் ஏறி இறங்கினாலோ, பின்னால் வருகிறவர் லைட் அடித்து நிறுத்திவிட வேண்டும்.

வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் நுழையுங்கள். அங்கே நம் வழக்கம் ஒன்று இருக்கிறது. பூந்தமல்லி வந்ததும் ஒருவர் போரூர் பக்கம், ஒருவர் அம்பத்தூர் பக்கம், ஒருவர் கோயம்பேடு என்று கைகாட்டிவிட்டுப் பிரிந்துவிடுவோம். நமக்கு அது பழகிய சாலை. அவனுக்கு அந்த நாளிலேயே கடினமான பத்துக் கிலோமீட்டர் அப்போதுதான் தொடங்குகிறது. கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கை மரத்திருக்கும். ஞாயிறு மாலை நெரிசலில் அடிக்கு ஒருமுறை நின்று எடுக்க வேண்டும். வண்டியின் முழு எடையும் மறுபடி காலில் இறங்கும். நாள் முழுக்க முன்னாலும் பின்னாலும் ஆள் இருந்து, இப்போது யாரும் இல்லை. அதனால் உங்களில் ஒருவர், வீடு எந்தத் திசையில் இருந்தாலும், அவன் தெருமுனை வரை கூடப் போங்கள். அவன் வீட்டு கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே ஏற்றும்போது பின்னால் ஒரு கை கொடுங்கள். அவன் அம்மாவோ மனைவியோ வெளியே வந்து எட்டிப் பார்ப்பார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, அடுத்த தடவை கூப்பிட்டால் தைரியமாக அனுப்பலாம் என்று அவர்களுக்குத் தோன்றும்படி விடைபெற்று வாருங்கள்.

அன்புடன்,
உங்களோடு அதே சாலையில் வருகிற ஒருவன்